இலையை எதிர்ப்பக்கம் மடித்தவள்

1

நெதர்லாந்தில் யாருக்குக் கொண்டாட்டமோ அவரேதான் கேக் வாங்கி வர வேண்டும். பிறந்தநாளானாலும் சரி, வேலையில் சேர்ந்து பத்து வருடம் ஆனாலும் சரி, மற்றவர்கள் வந்து கைகுலுக்கிவிட்டு நாம் வாங்கி வந்த கேக்கில் நமக்கே ஒரு துண்டு வெட்டித் தருவார்கள். வந்த புதிதில் இது தெரியாமல் என் பிறந்தநாளன்று கையை வீசிக்கொண்டு அலுவலகம் போனேன். மதியம்வரை எல்லோரும் ஏன் என் மேசையை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள் என்று புரியாமல் திருதிருவென்று விழித்தேன். இதை முன்பு ஒருமுறை இந்தப் பத்தியில் எழுதியபோது, படித்த நீங்கள் சிரித்ததாகச் சொன்னீர்கள். இந்தமுறை சிரிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் கேக்கிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

உட்ரெக்ட் நகரத்தில் ஒரு சின்ன வடிவமைப்பு நிறுவனத்தில் நான் வேலை பார்க்கிறேன். மருத்துவமனைகளுக்கான வழிகாட்டிப் பலகைகள், நோயாளிகள் நிரப்பும் படிவங்கள், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் துண்டறிக்கைகள், இவைதான் எங்கள் வேலை. மொத்தம் பதினான்கு பேர். தலைவி மார்லீன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இங்கே எல்லோரும் அவரை ஒருமையில் அழைக்கிறார்கள், எனக்கு அந்த 'நீ' வாயில் வர இரண்டு வருடம் பிடித்தது. இதைத் தமிழில் எழுதும்போது இப்போதும் 'அவர்' என்றுதான் வருகிறது.

சென்ற மாதம் நான் சேர்ந்து பத்து வருடம் முடிந்தது. இரண்டு ஆப்பிள் கேக்கோடு போய் இறங்கினேன். மார்லீன் எனக்குத் தெரியாமல் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். வேலைக்கு விண்ணப்பித்தபோது நான் அனுப்பிய போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினார். அதில் ஒரு மாத்திரை கவர் இருந்தது. தாம்பரத்தில் வேலை பார்த்தபோது, சிட்லபாக்கத்தில் ஒரு கிளினிக்குக்காகச் செய்தது. "வித்யாவை நாம் ஏன் எடுத்தோம் என்று புதியவர்கள் கேட்பீர்களே, இதுதான் காரணம்" என்றார். அந்தக் கதையை மறுபடி சொல்லச் சொன்னார்கள். நானும் சொன்னேன். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், வியக்க வேண்டிய இடத்தில் வியந்தார்கள். பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை அது.

அந்தக் கதை பொய். எவ்வளவு பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

தாம்பரம் மேற்கில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, பள்ளி ஆண்டுமலர், ஊறுகாய் பாட்டில் லேபிள், பேனர் என்று எது வந்தாலும் செய்வோம். முதலாளியையும் சேர்த்து ஐந்து பேர். அதில் டிசைனர்கள் நானும் பர்வீனும். இருவருக்கும் ஒரே வயது, சேர்ந்ததும் ஒரே மாதத்தில். நான் சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவேன். அவள் பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் வருவாள். ரயில் தாமதமானால் படியேறும்போதே சமாதானம் சொல்லிக்கொண்டு வருவாள், முதலாளி வந்திருக்கவே மாட்டார்.

சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா ஒருநாள் நேரில் வந்தார். "எந்த மாத்திரைய எப்ப சாப்பிடணும்னு எழுதித்தான் குடுக்கறோம். மாத்திச் சாப்பிட்டுட்டு வந்து நிக்கறாங்க. பாதிப் பேருக்குப் படிக்க வரல. படம் போட்டு ஒரு கவர் பண்ணிக் குடுங்க" என்றார்.

நான் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டேன். காலைக்குப் பாதி சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை நிலா. பர்வீன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"ரெண்டு சூரியனுக்கும் என்னடி வித்தியாசம்?"

"இது பாதி, உதிக்குது. அது முழுசு, உச்சி வெயில்."

"பாதி மாத்திரை, முழு மாத்திரைன்னு நெனச்சுக்கிட்டா?"

மறுநாள் அவள் அலுவலகத்துக்கு வராமல் நேரே கிளினிக்குக்குப் போனாள். மருந்து கொடுக்கும் கவுண்டருக்குள் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பதினோரு நாள் போனாள். முதலாளி முணுமுணுத்தார், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யார் எதைக் கேட்கிறார்கள், மாத்திரையை எங்கே முடிந்துகொள்கிறார்கள், எதை எதோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்று ஒரு ரூல் போட்ட நோட்டில் எழுதி வந்தாள். சூரியனையும் நிலாவையும் தூக்கிப் போட்டாள். காலைக்குப் பால் பாக்கெட், மதியத்துக்கு டிபன் டப்பா, இரவுக்கு விரித்த பாயும் தலையணையும். சாப்பாட்டுக்கு முன் என்றால் விரித்த வாழையிலை, சாப்பிட்ட பிறகு என்றால் மடித்த வாழையிலை. சாப்பிடுகிறவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிய, இலைக்கு மேலே ஒரு தண்ணீர் டம்ளர். எல்லாப் படங்களும் அவள் கையால் வரைந்தவை.

நான் செய்தது இரண்டு வேலை. 'வெறும் வயிற்றில்' என்று தட்டினால் அந்த சாஃப்ட்வேரில் கொம்பு கழன்று எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். அதைச் சரிசெய்தேன். பிறகு படங்களைக் கட்டங்களுக்குள் வைத்து ஒழுங்குபடுத்தி, அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். ஒழுங்குபடுத்தும்போது மடித்த இலை கட்டத்துக்குள் சரியாக உட்காரவில்லை. தலைகீழாகத் திருப்பினேன், அழகாக உட்கார்ந்தது. டம்ளர் தனிப் படம் என்பதால் அது மேலேயே இருந்துவிட்டது.

நல்ல விருந்தில் சாப்பிட்டு முடித்தால் இலையை நம் பக்கமாக மடிப்போம். சாவு வீட்டில்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பது. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் சொல்ல வேண்டியதில்லை, எத்தனை கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது கட்டத்தை மட்டும்தான்.

சோதனைக்காக ஐம்பது கவர் அடித்து வந்தோம். பர்வீன் கவுண்டருக்கு எடுத்துப் போனாள். முதலில் வாங்கியவர் பூ விற்கிற ஒரு அம்மா. கவரைப் பார்த்தவர் முகம் மாறித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"இன்னாம்மா இது, மாத்திரை குடுக்கிறியா, கருமாதி சோறு போடுறியா?"

பர்வீன் அந்த அம்மா சொன்ன மாதிரியே சொல்லிக்காட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இலையத் திருப்பிப் போட்டியா?"

"கட்டத்துக்குள்ள நல்லா உக்காந்துச்சு. அதான்."

"எங்க வீட்ல தட்டுதான்டி. உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து வந்து எனக்கே தெரியுது. உனக்குத் தெரியாதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முதலாளியிடம், "சின்னதா ஒரு கரெக்ஷன் இருக்கு சார்" என்றதோடு சரி, யார் செய்த தப்பு என்று சொல்லவில்லை. திருத்திய கவர் அந்த கிளினிக்கில் பல வருடம் ஓடியது. என் அப்பாவே அதில் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார்.

3

கல்யாணமாகி இங்கே வந்தபின் ஒரு வருடம் வேலை கிடைக்கவில்லை. நகராட்சி நூலகத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடச் சொல்லித்தரும் வகுப்பு நடந்தது. டிசைன் தெரிந்தால் போதாது, செய்ததைச் சொல்லத் தெரிய வேண்டும், அதுவே தனித் திறமை என்பது முதல் பாடம். நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தை அங்கிருந்த ஆசிரியை சிவப்பு மையால் சுழித்துத் தள்ளிவிட்டார். சுழித்தது எல்லாம் ஒரே சொல். 'நாங்கள்.'

"நாங்கள் வரைந்தோம், நாங்கள் யோசித்தோம், நாங்கள் திருத்தினோம். வேலைக்கு வருவது நீயா, உன் ஊரே வருகிறதா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. என்னை மாதிரி இன்னும் நாலைந்து பேரின் கடிதங்களும் சிவப்பாகத்தான் இருந்தன.

அவர்மேல் தப்பே இல்லை. நீ செய்ததை மட்டும் பிரித்து எடுத்து, அதை நான் என்று சொல், இதுதான் அவர் சொன்னது. எங்கள் ஊரில் தனியாகச் செய்ததைக்கூட 'நாங்க பண்ணோம்' என்று சொல்கிற பழக்கத்தில் வளர்ந்தவள் நான். நான் என்று சொன்னால் திமிர் என்று நினைப்பார்கள் என்ற பயம். அந்தப் பழக்கம் போக வேண்டியதுதான். ஆனால் பிரித்து எடுத்துப் பார்த்தால் மாத்திரை கவரில் என் பங்கு என்ன? ஒரு கொம்பும், திருப்பிப் போட்ட ஓர் இலையும்.

வீட்டுக்கு வந்து கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 'நாங்கள்' இருக்கிற இடமெல்லாம் 'நான்' என்று மாற்று என ஒரே கட்டளை கொடுத்தேன். பதினேழு இடத்தில் மாறியது என்று கணினி காட்டியது. பதினோரு நாள் கவுண்டரில் உட்கார்ந்தது நான். சூரியனை வேண்டாம் என்றது நான். ஒவ்வொரு வரியையும் என் கையால் மாற்றியிருந்தால் ஏதாவது ஒரு வரியில் கை நின்றிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் சாக்குதான்.

வகுப்பில் இன்னொரு பாடமும் இருந்தது. நேர்காணலில் ஒரு தவறைப் பற்றியும் சொல், அதிலிருந்து என்ன கற்றாய் என்று சொல், அது நம்பிக்கையை வரவழைக்கும். நான் இலைக் கதையைச் சொன்னேன். மார்லீன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "அந்தத் தவறு எப்படி நடந்தது?" என்று கேட்டார். நான் செய்தேன் என்று சொன்னால் அதுதான் பாடத்தில் சொன்ன சரியான பதில். அதைக்கூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"என்னோடு வேலை பார்த்த பெண் முஸ்லிம். அவருக்கு இந்த இலைப் பழக்கம் தெரியாது. திருப்பி வைத்துவிட்டார். நான்தான் கண்டுபிடித்தேன்" என்றேன்.

கதைக்கு அது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. பிற பண்பாட்டைப் புரிந்துகொள்ளும் திறமை என்று மார்லீன் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் வேலை கிடைத்தது.

அப்போது எங்கள் இருப்புரிமை சிக்கலில் இருந்தது, இந்த வேலை இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியிருந்திருக்கும் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். பிறகு குடியுரிமைத் தேர்வு வந்தது. அதில் உன் திறமைக்குச் சான்று காட்டு, உன் சொந்தப் பங்கு என்ன என்று எழுது என்று ஒரு படிவம். அதிலும் மாத்திரை கவரை எழுதினேன். எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி அழகாக இருக்கிறது என்று சொல்லி முத்திரை குத்தினார். ஆக அரசாங்கத்திடமும் சொல்லியாயிற்று. பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் எந்தச் சாக்கும் மிச்சமில்லை. அப்போதும் வருடாவருடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

இதோடு நின்றதா என்றால், இல்லை. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் டிசைன் மாணவிகளுக்கு இரண்டு வருடமாக ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். போர்ட்ஃபோலியோ எப்படிச் செய்வது, வெளிநாட்டு நேர்காணலில் எப்படிப் பேசுவது. 'நாங்க'ன்னு சொல்லாதீங்க, 'நான்'னு தைரியமா சொல்லுங்க என்று, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

4

கேக் வெட்டி இரண்டு வாரம் கழித்து எங்கள் நிறுவனம் ஓர் ஆளைத் தேடியது. படிக்கச் சிரமப்படும் நோயாளிகளுக்கு, பல மொழிகளில், படங்களோடு மருந்துக் குறிப்புகள் செய்ய வேண்டும். ஒரு வருட வேலை, எந்த நாட்டிலிருந்தும் செய்யலாம். விளம்பரம் வெளியான மறுநாளே பர்வீனிடமிருந்து செய்தி வந்தது. எங்களுக்குள் பேச்சு குறைந்து பல வருடம் ஆகியிருந்தது. பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம், அவ்வளவுதான்.

"உங்க ஆபீஸ்ல ஒரு போஸ்டிங் பார்த்தேன். போட்டுப் பாக்கட்டுமா?"

படித்தேன். பதில் போடவில்லை. நாளைக்குப் போடலாம் என்று நான்கு நாள் ஓட்டினேன். நான் பிஸியாக இருப்பேன் என்று நினைத்து அவளே விண்ணப்பித்துவிட்டாள்.

விண்ணப்பங்களை முதலில் பிரிக்கிற வேலை சான்னேயுடையது. என் எதிர் மேசையில் இருப்பவள், கெட்டிக்காரப் பெண், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். வெள்ளிக்கிழமை காலை அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"இதைப் பார், உன் கவர்."

அதே பால் பாக்கெட், அதே டிபன் டப்பா. பக்கத்தில் அந்த ரூல் போட்ட நோட்டின் படம். பர்வீனின் கையெழுத்தில் பதினோரு நாளும் தேதி போட்டு இருந்தது. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: 'இதைச் செய்தது நாங்கள், வித்யாவும் பர்வீனும். முதல் பிரதியில் இலை தவறாக மடிந்திருந்தது. கவுண்டரில் ஓர் அம்மா சொன்னதும் திருத்தினோம்.'

என் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தாள்.

சான்னே பெயரை மறுபடி படித்தாள். "ஓ, இலையைத் தப்பாக மடித்த அந்தச் சக ஊழியர் இவர்தானா? உன் வேலையில் பாதியைத் தன்னுடையது என்று போட்டிருக்கிறாரே. உனக்குக் கோபம் வரவில்லையா?"

"நாங்கள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம்" என்றேன்.

அது உண்மைதான். பொய்யே இல்லாத அந்த ஒரு வாக்கியத்தை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை. சான்னே தோளைக் குலுக்கிவிட்டு, பட்டியலில் பர்வீன் பெயருக்கு எதிரே 'சொந்தப் பங்கு தெளிவாக இல்லை' என்று தட்டினாள். கட்டத்தைச் சிவப்பாக்கினாள். சிவப்பு என்றால் அழைக்க வேண்டாம் என்று அர்த்தம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு காபி எடுக்கப் போனேன்.

5

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. என் மகள் இனியா, ஒன்பது வயது, ஷூ மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, நாங்க பார்க்குக்குப் போலாமா?"

"யாரு? நீயும் அப்பாவுமா?"

"இல்ல, நீயும் நானும்."

"அப்ப 'நாம போலாமா'ன்னு சொல்லணும். 'நாங்க'ன்னா அதுல நான் கிடையாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். டச்சு மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து அவளுடைய தமிழில் 'நாம' கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்விட்டது. என்னிடம் பேசும்போதே என்னை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுகிறாள், அது அவளுக்குத் தெரியாது. திருத்தித் திருத்தி எனக்கும் அலுத்துவிட்டது.

"அப்போ தமிழ்ல பேசறவங்களுக்கு யாரு உள்ள, யாரு வெளியன்னு எப்பவும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பர்வீனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டுதான் கூப்பிட்டேன். அவள் இப்போது கோவிலம்பாக்கத்தில் இருக்கிறாள். மாமியார் பெயர் சொல்லி யாரோ கதவைத் தட்டுவதும், குக்கர் விசில் அடிப்பதும் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வித்யா, நானே பேசணும்னு இருந்தேன்டி. உன்னக் கேக்காமயே உன் பேரப் போட்டுட்டேன். தப்பா எடுத்துக்காத."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

"உன் கிளாஸ் ரெக்கார்டிங் ஒண்ணு என் ஸ்டூடண்ட் அனுப்புனா. 'நான்'னு எழுதணும்னு சொல்லியிருந்த. எழுதிப் பாத்தேன், வரல. ஏதோ பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு. நீ அந்தக் கொம்ப சரி பண்ணலன்னா கவர் எங்க வெளிய வந்திருக்கும்? அதான் ரெண்டு பேரையும் போட்டுட்டேன்."

"இலையத் திருப்பினது நான்தானே. அத ஏன் எழுதல?"

"அத எதுக்கு எழுதணும்? நீ அங்கதானே வேலை பாக்கற. உன் பேரு கெட்டுடும்ல."

அவளே தொடர்ந்தாள். மத்தியானம்வரை பாலிடெக்னிக்கில் வகுப்பு, சாயங்காலம் வீட்டில் ஸ்கூல் ஐடி கார்டும் மனைப்பிரிவு நோட்டீசும். பன்னிரண்டு வருடமாக அதேதான்.

"புதுசா வர சாஃப்ட்வேர் எல்லாம் கத்துக்கிட்டேன். கோர்ஸ் முடிச்சேன், சர்டிபிகேட் வச்சிருக்கேன். எங்க போனாலும் கல்யாணப் பத்திரிகை தெரியுமாம்மான்னுதான் கேக்கறாங்க. இந்த வேலை எனக்குத் தெரியும்டி. கவுண்டர்ல உக்காந்து பாத்துப் பண்றது. எனக்கு உருப்படியாத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். கூப்பிடுவாங்களா?"

"கூப்பிடுவாங்க" என்றேன். வெள்ளிக்கிழமையே கட்டம் சிவப்பாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஆல் த பெஸ்ட் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது அவளுக்காக அழுததா, மாட்டிக்கொண்டோமே என்று அழுததா, சத்தியமாக எனக்குத் தெரியாது.

6

திங்கட்கிழமை காலை மார்லீன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும், மழைக்கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே பேச வேண்டும் என்றேன். ஒரு மூச்சில் சொன்னேன். என் டச்சு அன்றைக்கு மிகவும் மோசமாக இருந்தது. வினைச்சொல் வர வேண்டிய இடத்தில் பெயர்ச்சொல் வந்தது. ஆனால் அவருக்குப் புரிந்தது.

"பத்து வருடமாகவா?" என்றார்.

"ஆமாம்."

"அந்தப் பெண்ணின் மதத்தைப் பற்றிச் சொன்னாயே, அதுவுமா?"

"அதுவும்தான். அவருக்குத் தெரியும். எனக்குத்தான் அன்றைக்குத் தோன்றவில்லை."

இந்த ஊர்க்காரர்கள் மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள் என்று நான் உங்களுக்குப் பலமுறை எழுதியிருக்கிறேன். அன்றைக்கு மார்லீன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"உன்னை என்ன செய்வது என்று பிறகு யோசிக்கிறேன்" என்றார் கடைசியில். "முதலில் அவரை அழைக்க வேண்டும். ஆனால் அவரைப் பற்றிய ஒரு கதை அவருக்கே தெரியாமல் இந்த அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவரை எப்படி உள்ளே கூப்பிடுவது? கேட்டவர்கள் எல்லோரிடமும் நீயே சொல். அவரிடமும் நீயே சொல்."

மதியம் எல்லோரும் ரொட்டியும் சீஸும் சாப்பிட உட்காரும் நீள மேசையில் எழுந்து நின்று சொன்னேன். யாரும் மெல்லவில்லை. சான்னே என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்துபோய் தன் கணினியில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டு வந்து, தட்டைக் கழுவி வைத்தாள். வெள்ளிக்கிழமை அவள் என்னிடம் நேராகக் கேட்டபோது நான் அவளையும் இதில் கூட்டுச் சேர்த்துவிட்டேன். அது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

பர்வீனுக்குத் தமிழில் எழுதினேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். ஒவ்வொன்றிலும் விசாச் சிக்கல், புது ஊர், பயம் என்று என்னைப் பற்றியே ஏதாவது வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் நடந்ததை மட்டும் எழுதினேன். உன் பதினோரு நாளை என்னுடையது என்று சொன்னேன். உன் படங்களை என்னுடையவை என்று சொன்னேன். இலையைத் திருப்பியது நீ என்று சொன்னேன், நீ முஸ்லிம், உனக்கு அது தெரியாது என்று காரணம் சொன்னேன். பத்து வருடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் பேசும்போதும் மறைத்தேன். இவ்வளவுதான் கடிதம். மன்னித்துவிடு என்று எழுதலாமா என்று தயங்கி, எழுதாமல் அனுப்பினேன். அதை அவளிடம் கேட்கிற உரிமைகூட எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

குரோம்பேட்டை மாணவிகளுக்கும் எழுதியிருக்கிறேன். 'நான்' என்று எழுதுங்கள், அதில் மாற்றமில்லை, ஆனால் ஒவ்வொரு 'நாங்க'வையும் கையால் மாற்றுங்கள், மாற்றும்போது பக்கத்தில் இருந்தவரின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்று. ஏன் என்றும் எழுதினேன். இரண்டு பேர் மட்டும் பதில் போட்டார்கள். அடுத்த வகுப்பு நடக்குமா என்று தெரியவில்லை.

பர்வீன் படித்துவிட்டாள் என்று அன்றைக்கே தெரிந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. இதற்குள் மார்லீன் அவளுக்கு ஆன்லைன் நேர்காணலுக்கு அழைப்பு அனுப்பிவிட்டார். புதன்கிழமை நான் டிராமில் நின்றுகொண்டிருந்தபோது அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அரை நிமிடம்கூட இல்லை. பின்னணியில் குக்கர் சத்தமோ, வீட்டுச் சத்தமோ எதுவும் இல்லை. எங்கேயோ தனியாகப் போய் நின்று பேசியிருக்கிறாள்.

"லெட்டர் படிச்சேன். நீ பண்ணதுன்னு சொல்லிக்கிட்ட, சரி, பொழைக்கப் போன இடத்துல சொல்லிட்டன்னு விட்டுடுவேன். உங்க வீட்டுப் பந்தியில உன் பக்கத்துல உக்காந்து சாப்ட்டவ நான். எனக்கு இலை மடிக்கத் தெரியாதுன்னு சொன்ன பாரு. அது ஏன்டி? நாளைக்கு இன்டர்வியூக்கு வரேன்னு மெயில் போட்டுட்டேன். நீ அந்த ரூம்ல இருக்காத."

டிராமிலேயே நாள்காட்டியைத் திறந்தேன். நேர்காணல் செய்பவர்கள் என்று மார்லீன், சான்னே, நான், மூன்று பேரின் பெயர் அதில் இருந்தது. என் பெயரை எடுத்தேன்.

இன்று வியாழக்கிழமை. விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி பத்தே முக்கால். இந்நேரம் பர்வீன் அவர்களிடம் பேசிக்கொண்டிருப்பாள். அந்தப் பதினோரு நாள் கவுண்டரில் யார் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், அவள் நோட்டில் என்ன எழுதினாள் என்பதை, அங்கே உட்கார்ந்திருந்தவளே இன்று சொல்லிக்கொண்டிருப்பாள். இத்தனை வருடம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஒருநாளும் அவளிடம் உட்கார்ந்து கேட்டதில்லை. இன்று கேட்க ஆசையாக இருக்கிறது, எனக்கு அனுமதியில்லை.